பிரெஞ்சு வகுப்பில் உப்புக் குறைவு

சமைத்துக்கொண்டே மொழி கற்பிப்பது எப்படி என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்ததாம். நான் ஒரு காலத்தில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் இப்போது வேலை பார்க்கும் செல்வராணி டீச்சர் போன வாரம் வீட்டுக்கு வந்து, அங்கே கொடுத்த அச்சடித்த தாளைக் காட்டினார். வெளிநாட்டில் கண்டுபிடித்த முறை, ரொம்பப் புதுசு என்றார். நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று விடாமல் கேட்டார். சொன்னேன். அப்படியே எழுதிக் கொடுங்கள், ஆண்டு மலரில் போடுகிறோம் என்றார். எழுதுகிறேன். படித்துவிட்டு யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. சின்ன வயதிலேயே அப்பா தவறிவிட்டதால் புதுச்சேரியில் அச்சாபீஸ் ஒன்றில் இருந்த மாமா வீட்டில் வளர்ந்தேன். பிரெஞ்சு அங்கே தானாக ஒட்டிக்கொண்டது. பிறகு ஒரு வருடம் ஆசிரியப் பயிற்சி. கரும்பலகையில் எழுதும்போது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பதைத் தவிர அங்கே கற்றது எதுவும் நினைவில் இல்லை. வேலையில்லாமல் திரிந்தபோது பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தேன்: பிரெஞ்சு ஆசிரியர் தேவை, சங்கரன்கோவில். அச்சுப் பிழை என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் எழுதிப் போட்டேன். என்னைத் தவிர வேறு யாருமே எழுதிப் போடவில்லை என்று பின்னால் தெரிந்தது. ஐம்பதுகளின் தொடக்கம் அது.

அந்த ஊருக்குப் பிரெஞ்சு எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பள்ளியின் தாளாளர் பஞ்சு அரவை மில் வைத்திருந்தவர். மெட்ராஸில் பெரிய பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு இருக்கிறது, நம் ஊருக்கு மட்டும் என்ன குறைச்சல் என்று ஆண்டு விழா மேடையில் பேசினாராம். உண்மையான காரணம் அவர் மகன் வேலாயுதம். பையன் தமிழில் இரண்டு முறை தவறிவிட்டான். பிரெஞ்சில் பேரைச் சரியாக எழுதினாலே பாஸ் போட்டுவிடுவார்கள் என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். தன் பையன் ஒருவனுக்காக ஒரு பாடம் திறந்தால் ஊர் சிரிக்கும் அல்லவா? அதனால் இன்னும் பத்துப் பேரைப் பிடித்துச் சேர்த்தார்கள். ஆக மொத்தம் பதினோரு பேர். அதில் மூன்று பையன்களுக்குச் சங்கரலிங்கம் என்று பெயர். இருந்த ஒரே பெண் கோமதி. மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயியின் மகள். அவள் அப்பாவுக்கு இங்கிலீஷும் பிரெஞ்சும் ஒன்றுதான். வெள்ளைக்காரன் பேசுவது எதுவாக இருந்தால் என்ன என்று சேர்த்துவிட்டார்.

தலைமையாசிரியர் பால்வண்ணம் பிள்ளையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூர்க்காரர். சுத்த சைவம், நெற்றி நிறைய திருநீறு, கோட்டின் மேல் பொத்தான் எப்போதும் போட்டிருக்கும். அவரிடம் போய் எதைச் சொன்னாலும் பதில் ஒன்றுதான்: "எழுதிக் குடும் வே." எழுதிக் கொடுத்தால், அதை மூன்று முறை படிப்பார். பேனா மூடியைக் கழற்றுவார். திரும்பவும் மூடுவார். மறுநாள் காலையில் சுற்றறிக்கை நோட்டில் அவர் முடிவு இருக்கும். ஆசிரியர்கள் எல்லோரும் வரிசையாக நின்று அதன் கீழே 'கண்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மழைக்காலத்தில் மாணவர்கள் குடையைப் பள்ளிக்குள் எப்படி மடக்க வேண்டும் என்பதற்குக்கூட நான் 'கண்டேன்' போட்டிருக்கிறேன். மனுசன் சிரித்து நான் பார்த்ததில்லை. யாருடைய வகுப்பையும் எட்டிப் பார்ப்பதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, பார்த்தால் அபிப்பிராயம் வந்துவிடும், அபிப்பிராயம் வந்தால் எழுத வேண்டியிருக்கும் என்றாராம்.

பாடப் புத்தகங்கள் வரவில்லை. ரயில் பார்சலில் போட்டாயிற்று என்று கடிதம் வந்தது. பார்சல் கடைசிவரை வரவே இல்லை. என் கையில் இருந்தது புதுச்சேரியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரே ஒரு பிரெஞ்சுப் புத்தகம். பட்டாளத்துச் சமையற்காரர்களுக்காக அச்சிட்டது. அதில் எல்லா அளவும் நூறு சிப்பாய்களுக்கு. நாற்பது வெங்காயத்தை எடு என்றுதான் முதல் பக்கமே ஆரம்பிக்கும்.

இரண்டு மாதம் கரும்பலகையை வைத்துக்கொண்டு மாரடித்தேன். பிள்ளைகள் வாயில் கொழுக்கட்டை வைத்தது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் புளியங்குடிச் சங்கரலிங்கம் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் கொண்டுவந்தான். அவன் அப்பாவுக்கு எலுமிச்சை மண்டியில் வேலை. சரி, பிழிந்து குடித்துக்கொண்டே பாடம் நடத்துவோம் என்று தோன்றியது. எடுக்கிறேன், பிழிகிறேன், ஊற்றுகிறேன் என்பதுவரை பிரெஞ்சில் அருமையாகச் சொன்னார்கள். 'ழ ப்வா', அதாவது குடிக்கிறேன், என்ற இடத்தில்தான் சிக்கல். நம் பிள்ளைகள் எச்சில் படாமல் அண்ணாந்துதானே குடிப்பார்கள்? அண்ணாந்து ஊற்றிக்கொண்டே 'ழ ப்வா' என்று சொல்லப் போய் ஏழு சட்டை நனைந்தது. வேலாயுதத்துக்குப் புரையேறி, வாட்ச்மேன் ஓடிவந்து தலையில் தட்டினார். ஆனால் அன்றைக்குத்தான் அவர்கள் முதல்முதலாக வாயைத் திறந்தார்கள்.

எனக்கு வெந்நீர் வைக்கவும் தெரியாது. இருந்தாலும் பட்டாளத்துப் புத்தகத்தின் வெங்காய சூப்பைப் பாடமாக எடுத்துக்கொண்டேன். முட்டை இல்லை, கறி இல்லை. தலைமையாசிரியர் ஒப்புக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். பல்லாரி வெங்காயம், வெண்ணெய், மாவு, உப்பு என்று பட்டியல் எழுதிக் கொடுத்தேன். அவர் மூன்று முறை படித்தார்.

"பிரெஞ்சுக்கு வெண்ணெய் எதுக்கு வே?"

"அவங்க வெண்ணெய்லதான் சார் வதக்குவாங்க."

"இலக்கணத்தையா?" என்று கேட்டுவிட்டு, பேனா மூடியைக் கழற்றி மூடினார். மறுநாள் நோட்டில் அனுமதி இருந்தது. வகுப்பு நடக்கும் ஓலைக் கொட்டகைக்குள் தீ கூடாது, பின்னால் வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்.

பதினோரு பேருக்கும் ஆளுக்கொரு வேலை. வேலாயுதம் பல்லாரி வெட்டுவான், கோமதி அடுப்பு ஊதிக் கிண்டுவாள். வாயால் சொல்லாமல் கை எதையும் செய்யக் கூடாது என்பது சட்டம். நூறு சிப்பாய் அளவைப் பதினொன்றுக்குக் குறைப்பதற்குள் எண்களெல்லாம் தலைகீழ்ப் பாடமாகிவிட்டன. ஆனால் சமைத்ததை யார் சாப்பிடுவது? அந்தக் காலத்தில் ஒருவர் கை வைத்ததை இன்னொருவர் தொடமாட்டார்கள். ஒரே வாரத்தில் நாலு பெற்றோர் வந்து சண்டை பிடித்தார்கள். எல்லோரையும் எழுதிக் கொடுக்கச் சொன்ன பால்வண்ணம் பிள்ளை, மறுநாள் தன் பணிக்காலத்தின் மிகப் பெரிய சுற்றறிக்கையை வெளியிட்டார். 'பிரெஞ்சு வகுப்பில் தயாராகும் பண்டத்தை யாரும் உண்ணலாகாது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்ப்பது மட்டும் அனுமதிக்கப்படுகிறது. உப்புப் பார்ப்பது உண்பதாகாது.' பெற்றோருக்கு அது நியாயமாகப்பட்டது. வீட்டிலும் அடுப்படியில் உப்புப் பார்த்தவளைச் சாப்பிட்டாள் என்று யாரும் சொல்வதில்லையே.

அன்று முதல் பாடத்தின் கடைசி வரி அதுதான். கோமதி கரண்டியோடு திரும்பி, 'கூத்தே, முசியே' என்பாள். ருசி பாருங்கள் ஐயா என்று அர்த்தம். எல்லோரும் கையை நீட்டுவோம். நக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றோ, 'இல் மாங்க் து செல்', உப்புக் குறைகிறது என்றோ பிரெஞ்சில் சொல்ல வேண்டும். மிச்ச சூப்பு வாட்ச்மேனின் பசுவுக்குப் போகும். சங்கரன்கோவிலில் பிரெஞ்சுச் சமையலை வயிறாரச் சாப்பிட்ட ஒரே ஜீவன் அதுதான்.

இரண்டாம் வருடம்தான் வினை வந்தது. பிரெஞ்சை வைத்துப் பிள்ளைகள் பள்ளியிறுதித் தேர்வு எழுத மேலிடத்து அங்கீகாரம் வேண்டும். அதற்கு ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். அங்கீகாரம் வராவிட்டால் பதினோரு பேரும் அந்த வருடம் தேர்வே எழுத முடியாது. மற்றவர்கள் அடுத்த வருடம் வேறு மொழி எடுத்துச் சமாளிப்பார்கள். கோமதியின் அப்பா என்னைத் தேடி வந்து, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: இந்த வருசம் பரீட்சை எழுதிவிட்டால் டீச்சர் ட்ரெயினிங் அனுப்புவேன், எழுதாவிட்டால் சித்திரையில் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கு அப்போது பதினாறு வயது. என் வேலை போனால் போகட்டும், இவள் படிப்பு போய்விடக் கூடாது என்று தீர்மானித்தேன்.

ஆய்வுக்கு முந்தைய நாள் பால்வண்ணம் பிள்ளை கூப்பிட்டனுப்பினார்.

"இன்ஸ்பெக்டர் வகுப்புக்குள்ளதான் பாப்பாராம். மரத்தடியெல்லாம் கிடையாது. நாளைக்கு அடுப்பு வேண்டாம் வே."

அடுப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றேன். அது சத்தியம். கை ஓடினால்தான் அவர்களுக்கு வாய் ஓடும். சும்மா நிற்க வைத்து, உன் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்டால்கூட முழிப்பார்கள்.

"அதையும் எழுதிக் குடும்" என்றார்.

ஆய்வாளர் ஒல்லியான மனிதர். முருக பக்தர். அன்று கார்த்திகை விரதம். பச்சைத் தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது; தெரியாது என்று காட்டிக்கொள்ளவும் தெரியாது. ஆரம்பியுங்கள் என்றார். நான் முதல் கேள்வி கேட்டேன். இரண்டாவது கேட்டேன். வேலாயுதம் கூரை மோட்டைப் பார்த்தான். மூன்று சங்கரலிங்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆய்வாளர் பேனாவை எடுத்தார்.

அப்போது கோமதி எழுந்தாள். தரையில் மண்டியிட்டு, இல்லாத மூன்று கல்லுக்கு நடுவே இல்லாத விறகை வைத்து, 'ழல்யூம் ல ஃபெ', தீ மூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டே வெறும் தரையை ஊத ஆரம்பித்தாள். அடுத்து வேலாயுதம் எழுந்தான். வெறுங்கையால் பல்லாரி வெட்டினான், எண்ணிக்கொண்டே. அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. ஒருவன் வெண்ணெய் போட்டான், ஒருவன் மாவு தூவினான், ஒருவன் இல்லாத குடத்தைச் சாய்த்தான். வாய்கள் மடை திறந்துவிட்டன. கோமதி கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தரம் ஊதியபோது ஆய்வாளர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். புகை வந்த பக்கத்திலிருந்துதான் தள்ளிப்போட்டார் என்று நான் சத்தியம் செய்வேன்.

கிண்டி முடித்து கோமதி எழுந்தாள். இல்லாத கரண்டியின் கீழே இடது கையைத் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நேரே ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள்.

"கூத்தே, முசியே."

அவர் உள்ளங்கையை நீட்டினார். எத்தனை வருடம் எத்தனை அடுப்படி வாசலில் நீட்டிய கையோ, யோசிக்காமல் நீண்டது. கோமதி ஒரு சொட்டு விட்டாள். அவர் நக்கினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்துப் பார்த்தார்.

"உப்பு கொஞ்சம் பத்தலை" என்றார்.

"இல் மாங்க் து செல்" என்று பதினோரு பேரும் ஒரே குரலில் கூவினார்கள்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்குச் சுயநினைவு வந்தது. உள்ளங்கையைப் பார்த்தார். நெற்றித் திருநீற்றைத் தொட்டார். மெல்ல எழுந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"அதுல என்னல்லாம் போட்டிருந்தது?" என்று கேட்டார்.

பல்லாரி, வெண்ணெய், மாவு என்றேன். "பல்லாரியா?" என்று தலையைப் பிடித்துக்கொண்டார். கார்த்திகையும் அதுவுமாய் வெங்காயம்! ஒன்றும் இல்லை சார், வெறும் காற்றுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். பால்வண்ணம் பிள்ளை கண்ணாலேயே என்னை அடக்கினார். ஒன்றும் இல்லை என்றால் ஓர் அதிகாரி வெறுங்கையை நக்கியதாக ஆகிவிடும். இருந்தது என்றால் விரதம் போய்விடும். அவர் அலமாரியைத் திறந்து சுற்றறிக்கை நோட்டை எடுத்து, பக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். உப்புப் பார்ப்பது உண்பதாகாது. ஆய்வாளர் இரண்டு முறை படித்தார். கீழே இருந்த இருபது 'கண்டேன்'களையும் பார்த்தார். முகம் தெளிந்தது. அதற்கு முத்திரையிட்ட ஒரு நகல் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு அறிக்கை எழுதினார். படிவத்தில் 'நிறைகள்', 'குறைகள்' என்று இரண்டு கட்டம். நிறைகள் கட்டத்தில், மாணவர் அனைவரும் சரளமாகப் பேசினர் என்று எழுதினார். குறைகள் கட்டத்தை அவர் வேலைக்கு வந்த நாள் முதல் காலியாக விட்டதே இல்லையாம். நேர்மையானவர், காணாததை எழுதமாட்டார். வெகுநேரம் யோசித்து, தான் கண்ட ஒரே குறையை எழுதினார்: உப்பு.

மூன்று வாரத்தில் மேல் அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அறிக்கையில் சுட்டப்பட்ட குறை (உப்பு) நிவர்த்தி செய்யப்பட்ட விவரத்தை உடனே தெரிவிக்க வேண்டும், அதுவரை அங்கீகாரம் நிறுத்தி வைக்கப்படும். நான் மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறை. உப்பே இல்லை, சூப்பே இல்லை, எதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது? சூப்பு பொய் என்று எழுதினால் அறிக்கையும் பொய்யாகும், அங்கீகாரம் அத்தோடு சரி. பால்வண்ணம் பிள்ளை பேனா மூடியை நாலைந்து தடவை கழற்றி மூடினார். கடைசியில் ஒரே வரி எழுதினார்: 'குறை நிவர்த்தி செய்யப்பட்டது. நேரில் கண்டு உறுதி செய்துகொள்ளலாம்.'

அதே ஆய்வாளர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை விரதம் இல்லை. கோமதி வெறும் தரையில் அடுப்பு மூட்டினாள், வேலாயுதம் அழுதுகொண்டே வெட்டினான், எல்லாம் முறைப்படி நடந்தது. உப்புப் போடுவது புளியங்குடிச் சங்கரலிங்கத்தின் வேலை என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அவன் போட்டான். ஆனால் அவன் ஒருவேளை மறந்துவிட்டால் கோமதியின் படிப்பு போய்விடுமே என்ற பயம் மற்ற எல்லோருக்கும் இருந்திருக்கிறது. அடுத்தவன் ஒரு சிட்டிகை போட்டான். அதற்கடுத்தவனும் போட்டான். ஒவ்வொருவனாக வந்து, 'ழ மெ து செல்', உப்புப் போடுகிறேன் என்று சொல்லிப் போட்டுவிட்டுப் போனார்கள். வேலாயுதம் கை நிறைய அள்ளிப் போட்டான். தடுக்கவும் முடியாமல் நான் நின்றேன். கடைசியில் கோமதியும் ஒரு சிட்டிகை போட்டாள்.

ஆய்வாளர் கையை நீட்டினார். நக்கினார். இடது புருவம் ஒரு தடவை துடித்தது. என் உயிர் என்னிடத்தில் இல்லை.

"இப்ப சரியா இருக்கு" என்றார். அப்புறம் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு, முழுவதையும் அண்ணாந்து குடித்தார்.

பத்து நாளில் அங்கீகார உத்தரவு தபாலில் வந்தது. பதினோரு பேரும் எழுதினார்கள். வேலாயுதம் ஜஸ்ட் பாஸ். கோமதி முதல் வகுப்பில் தேறி ட்ரெயினிங் போனாள். பிற்பாடு இதே தாலுகாவில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியை ஆனாள். பிரெஞ்சு அந்த வருடத்தோடு முடிந்தது. தன் அடுத்த பிள்ளை தமிழில் தவறினால் பார்க்கலாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மீதிக் காலமெல்லாம் நான் இங்கிலீஷ்தான் நடத்தினேன்.

உத்தரவு வந்த அன்றைக்கு நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பால்வண்ணம் பிள்ளை அதை மூன்று முறை படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். கீழே 'கண்டேன்' போட்டேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒழுங்காக எழுத வரவில்லை. நன்றி சொல்ல வேண்டும் என்று நிற்கிறேன், எழுதிக் கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருக்கிறது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து என் முன்னால் நின்று, உள்ளங்கையை நீட்டினார்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் வெறுங்கையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டேன். அவர் நக்கினார். கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"உப்புக் கரிக்கு வே" என்றார். "பதினோரு பேருல்லா போட்டாங்க."